ஐம்பத்திரண்டுக்கு அஞ்சு பல்

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க தம்பி. எனக்கு இந்த ஓரம்தான் வேணும். முன்னாடி லேடீஸ் சீட்டுல பச்சைச் சுடிதார், மடியில பெரிய பை, தெரியுதா? அது என் பொண்ணு. யாமினி. இங்கேருந்து பார்த்தா அவ பின்னந்தலையாவது தெரியும். சிங்காநல்லூர்ல ஏறும்போதே, "நீங்க என் பக்கத்துல உக்கார வேணாம்ப்பா"ன்னுட்டா. சரி, வேணாம். எனக்கும் அவகிட்டப் பேச ஒண்ணுமில்ல. இன்னிக்குக் காலைல அவ பண்ணின காரியம் அப்படி.

நீங்களும் திருச்சியா? எனக்கு பாலக்கரை. வேணுகோபால்னு கேட்டா யாருக்கும் தெரியாது. "வருஷக்காரர்"னு கேளுங்க, பழைய வண்டி வெச்சிருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். நேத்து வரைக்கும் தெரியும். இனிமே எப்படியோ.

என்னத்துக்கு வருஷக்காரர்னா, சொல்றேன். ஷெவர்லே கேள்விப்பட்டிருக்கீங்களா, அமெரிக்க வண்டி? ஐம்பத்தொண்ணு மாடல் ஒண்ணு, ஐம்பத்திரண்டு மாடல் ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தறேன். ரெண்டும் கறுப்பு. ரெண்டும் ஒரே உடம்பு, ஒரே கண்ணாடி, ஒரே கதவு. எது எந்த வருஷம்னு எப்படிச் சொல்வீங்க? சொல்ல முடியாது. வண்டி வெச்சிருக்கிறவனாலயே சொல்ல முடியாது. முன்பக்க கிரில்ல நடுவுல ஒரு பட்டை ஓடும். ஐம்பத்தொண்ணுல அது வெறும் பட்டை. ஐம்பத்திரண்டுல அந்தப் பட்டை மேல அஞ்சு பல் இருக்கும், குரோமியத்துல. அவ்வளவுதான் விஷயம். அஞ்சு பல்.

நாற்பத்தொன்பது, ஐம்பது இருக்கில்ல, அதுவும் அப்படித்தான். நாற்பத்தொன்பதுல கீழ சின்னச் சின்னக் குத்துக்கம்பி வரிசையா நிக்கும், ஐம்பதுல அதை எடுத்துட்டான். ஐம்பத்தாறுல ஒரு வேடிக்கை. பெட்ரோல் மூடியை இடது பக்கத்து பின்விளக்குக்குள்ள ஒளிச்சு வெச்சிருப்பான். தெரியாதவன் பங்க்குல வண்டியைச் சுத்திச் சுத்தி வருவான். முப்பத்தோரு வருஷம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டர்ல நின்னவன் தம்பி நான். எங்க முதலாளி பம்பாயிலேருந்து கொண்டுவந்த பார்ட்ஸ் புஸ்தகம் ஒரு பீரோ நிறைய இருந்துச்சு. மத்தியானம் மத்தவங்க கண்ணசருவாங்க. நான் அதைப் படிப்பேன். எனக்கு வேற பழக்கம் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து யாமினியை உக்கார வெச்சுக் கேள்வி கேப்பேன். படத்துல வண்டி மூக்கை மட்டும் காட்டி, வருஷம் சொல்லும்மான்னு. ஒண்ணாங்கிளாஸ்ல கடகடன்னு சொல்லுவா. அவ அம்மா, "புள்ளைக்கு அ, ஆ சொல்லிக் குடுங்க"ன்னு திட்டுவா. அந்தப் புண்ணியவதி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாச்சு. இன்னிக்கு இதையெல்லாம் பார்க்காம போனாளே, அது ஒரு நிம்மதி.

கோயம்புத்தூர்ல வருஷா வருஷம் ஜனவரியில பழைய வண்டிக் கண்காட்சி நடக்கும். ரிட்டயரான பிறகு என்னை வரச் சொல்லி ரூம் போட்டுக் குடுத்தாங்க. என் வேலை என்னன்னா, ஒவ்வொரு வண்டியா குனிஞ்சு பார்த்து, இது இன்ன வருஷம்தான்னு ஃபாரத்துல எழுதிக் கையெழுத்துப் போடறது. என் கையெழுத்து விழுந்தாத்தான் வண்டி போட்டிக்குள்ள போகும். ஆலை முதலாளி, டாக்டர், வக்கீல், எல்லாரும் நான் எழுந்திருக்கிற வரைக்கும் பக்கத்துல நின்னுக்கிட்டே இருப்பாங்க. அந்த மரியாதை இருக்கே, அதைச் சொல்லி மாளாது.

ரெண்டு வருஷம் முன்னாடி அப்படித்தான் தாமோதரசாமி வண்டியைப் பார்த்தேன். இப்ப என் சம்பந்தி. பெரிய மில்லுக் குடும்பம். கறுப்பு ஷெவர்லே. அவங்க அப்பா மில்லு ஆரம்பிச்ச ஐம்பத்திரண்டுல வாங்கினது. ஆர்.சி. புக்குல ஐம்பத்திரண்டு. மில்லு வாசல்ல பதிச்சிருக்கிற கல்வெட்டுல ஐம்பத்திரண்டு. வண்டியும் மில்லும் ஒரே வயசுன்னு அவங்க வீட்டுல சின்னப் புள்ளை கூடச் சொல்லும். நான் குனிஞ்சு பார்த்தேன். அஞ்சு பல் இருக்கு. கையை உள்ள விட்டுத் தடவினேன். பல்லுக்குப் பின்னாடி பித்தளை ஸ்க்ரூ. கம்பெனிக்காரன் அப்படிப் போடமாட்டான். உள்ளூர் பட்டறையில துளை போட்டு மாட்டியிருக்கு. ஐம்பத்தொண்ணு வண்டி தம்பி அது. பம்பாயில வந்து நின்னு, அடுத்த வருஷம் வித்து, அந்த வருஷம் ரிஜிஸ்டர் பண்ணியிருக்கு. புக்குல ஐம்பத்திரண்டு, உடம்புல ஐம்பத்தொண்ணு. இதுல ஒரு குத்தமும் கிடையாது. ஐம்பத்தொண்ணுன்னு சொல்லிட்டா என்ன, ஒருத்தன் சிரிக்கப் போறானா? ஆனா எவனோ ஒருத்தன் அவருகிட்ட, "ஐம்பத்திரண்டுக்குப் பல் இருக்கணுமே"ன்னு கேட்டுட்டான். இவரு கல்வெட்டை மாத்தறதுக்குப் பதிலா வண்டிக்குப் பல் கட்டிட்டாரு.

நான் கையை வெளிய எடுத்தேன். அவர் மூஞ்சியைப் பார்த்தேன். அவரும் என் மூஞ்சியைப் பார்த்தாரு. தெரிஞ்சு போச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு. அப்புறம் மெதுவா, "உங்களுக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்குதாமுங்க? நம்ம பையன் கோகுலுக்குப் பார்த்துக்கிட்டு இருக்கறோம்"ன்னாரு.

நீங்க தப்பா நினைக்காதீங்க. அது லஞ்சம் இல்ல. நல்லது ஒண்ணு தானா நடந்துச்சு, அவ்வளவுதான். ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் பொண்ணுக்கு இப்படி ஒரு இடம் அமையுமா? நகை கேக்கல, சீர் கேக்கல. நான் ஃபாரத்துல ஐம்பத்திரண்டுன்னு எழுதினேன். வைகாசியில கல்யாணம். அந்தக் கறுப்பு வண்டியிலதான் பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம். திருச்சியிலேருந்து வந்த எங்க சொந்தக்காரங்க வாயைப் பொளந்துட்டுப் பார்த்தாங்க.

யாமினி பிசியோதெரபி படிச்சவ. திருச்சியில ஆஸ்பத்திரியில வேலை பார்த்துக்கிட்டு இருந்தா. கல்யாணத்துக்கு அப்புறம் வேலை வேணாம்னுட்டாங்க. சரி, பெரிய வீடு, மருமகளை வேலைக்கு அனுப்ப மாட்டாங்கன்னு நானும் விட்டுட்டேன். சர்டிபிகேட் எல்லாம் சம்பந்தி பீரோவுல இருக்குன்னு சொன்னா. பத்திரமா இருக்கட்டுமேன்னேன். போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசணும்னு மாமியார் சொல்றாங்கன்னா. நாம என்ன ரகசியமா பேசப்போறோம்னேன். வாசல் கேட்டுக்குச் சாவி அவகிட்ட இல்லைன்னா. காவலுக்கு ஆள் இருக்கிற வீடு, சாவி எதுக்குன்னேன். இதெல்லாம் ஒரு குறையா, நீங்களே சொல்லுங்க. மாப்பிள்ளை கைநீட்டி அடிச்சதுண்டா? கிடையாது. குடிப்பழக்கமா? கிடையாது. அப்பா சொன்னதைக் கேப்பாரு, அப்பா சொல்லாததைச் செய்யமாட்டாரு. ரொம்ப சாது.

இதோ பல்லடம். தண்ணி வேணுமா தம்பி? எங்கிட்ட இருக்கு, குடிங்க.

முத ஆடிக்குப் பொண்ணை அழைச்சுட்டு வரணுமில்ல. நான் போன் பண்ணினேன். சம்பந்தி, "ஆடிக்கெல்லாம் எங்க வீட்டுல அனுப்பற பழக்கம் இல்லீங்க"ன்னாரு. நேர்ல வந்து அழைச்சா அனுப்புவாங்கப்பா, வாங்கன்னு இவ சொன்னா. நான் யோசிச்சேன். போய் நின்னு, அவரு முடியாதுன்னு சொல்லி, எனக்கும் அவருக்கும் ஒரு மனஸ்தாபம் வந்துச்சுன்னு வைங்க. ஜனவரியில மறுபடி நான் ஃபாரத்துல கையெழுத்துப் போடணும். போன வருஷம் ஐம்பத்திரண்டு, இந்த வருஷம் ஐம்பத்தொண்ணுன்னு எழுத முடியுமா? வண்டி பழசாகும், பிறந்த வருஷம் மாறுமா? முதல் ஃபாரத்தை அவரு சட்டம் போட்டு ஹால்ல மாட்டி வெச்சிருக்காரு. என் கையெழுத்தோட. சண்டை வந்தா அதைக் கையில எடுத்துக்கிட்டு, இந்த ஆளு தெரிஞ்சே பொய் எழுதினவன்னு அவரு ஒரு வார்த்தை சொன்னா போதும். மாட்டிக்கிட்டேன் தம்பி. எலிப்பொறியில எலி மாட்டற மாதிரி மாட்டிக்கிட்டேன். இதை யாருகிட்டயும் சொல்லவும் முடியல. ராத்திரி தூக்கமில்ல, சாப்பாடு இறங்கல. என் கஷ்டம் அவளுக்கு எங்க தெரியுது?

மொத்தம் ஏழு தடவை கூப்பிட்டா. முதல்ல சுத்தி வளைச்சுப் பேசினா. அப்புறம் ஸ்பீக்கரைப் பத்திக்கூடக் கவலைப்படல. "அப்பா, என்னால இங்க இருக்க முடியல, வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க"ன்னு நேராவே கேட்டா. ஒவ்வொரு தடவையும் நான் பக்குவமாத்தான் பதில் சொன்னேன். பொறுத்துக்கம்மா, ஒரு குழந்தை வந்தா எல்லாம் சரியாப் போயிடும்னு. ஒரு அப்பன் வேற என்ன சொல்லுவான்?

போகாம இல்ல தம்பி. போனேன். போன ஐப்பசியில போனேன். கேட்டைத் திறந்ததுமே சம்பந்தி என்னைக் கையைப் பிடிச்சு ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. புதுசா ஒரு ஐம்பத்தேழு வாங்கியிருந்தாரு. பின்னாடி மீன் துடுப்பு மாதிரி ரெண்டு பக்கமும் நிக்கும், அடடா, அதைப் பார்க்கக் கண் வேணும். ரெண்டு மணி நேரம் போனதே தெரியல. யாமினி காப்பி கொண்டுவந்தா. டம்ளரை என் கையில குடுத்துட்டு, எல்லார் முன்னாடியும் கேக்கறா, "அப்பா, நான் பையை எடுத்துட்டு வரட்டுமா?" சம்பந்தி சிரிச்சாரு. "பாருங்க, அப்பாவைப் பார்த்ததும் செல்லம் கொஞ்சுது"ன்னாரு. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது, அங்க வெச்சு? அவ டம்ளர் காலியாகற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தா. அப்புறம் வாங்கிட்டு உள்ள போயிட்டா. அதோட போன் பண்றதை நிறுத்திட்டா. சரி, மனசு சமாதானமாயிடுச்சுன்னு நினைச்சேன்.

இன்னிக்குத்தான் கண்காட்சி. காலேஜ் கிரவுண்டு. பம்பாயிலேருந்து ரெண்டு ஜட்ஜு வந்திருந்தாங்க. ஃபாரத்துல நேத்தே மூணாவது தடவையா ஐம்பத்திரண்டுன்னு எழுதிட்டேன். போன வருஷமும் இந்த வருஷமும் வண்டி முன்சீட்டுல யாமினியைத்தான் உக்கார வெச்சாங்க, அந்தக் காலத்து மாதிரி பட்டுப்புடவை, புஃப் கை ஜாக்கெட், கொண்டை. வீட்டை விட்டு வெளிய வர்றதே அந்த ஒரு நாள்தான்னு வெச்சுக்குங்களேன். அத்தனை பேரும் போட்டோ எடுக்கறாங்க. எனக்குப் பெருமை தாங்கல. கூட்டத்துல நின்னு, என் பொண்ணு, என் பொண்ணுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்.

ஜட்ஜுங்க வந்தாங்க. சம்பந்தி மில்லுக் கதையைச் சொன்னாரு. ஒருத்தர் ஃபாரத்தைப் பார்த்துட்டு, "ஃபிஃப்டி டூ, வெரி நைஸ்"னு சொல்லி நகரப் போனாரு. கதவு திறக்கற சத்தம் கேட்டுச்சு. இவ இறங்கி முன்னாடி வந்தா. பட்டுப்புடவையோட வண்டி மூக்குக்கு முன்னாடி மண்டி போட்டு உக்காந்தா. "சார், இது ஃபிஃப்டி ஒன்"ன்னா. நல்ல இங்கிலீஷ்ல, நிறுத்தி நிதானமா சொல்றா. ஒரிஜினல் பல் இப்படி ஸ்க்ரூவுல நிக்காது, உள்ள கை விட்டுப் பாருங்கன்னா. அவரு கை விடறதுக்குள்ள இவளே உள்ள விட்டுத் திருகினா. எத்தனை நாளா தளர்த்தி வெச்சிருந்தாளோ தெரியல. நடுப் பல்லு கையோட வந்துடுச்சு. அதைக் கொண்டுபோய் ஜட்ஜு உள்ளங்கையில வெச்சா.

"இந்த ஃபாரத்துல கையெழுத்துப் போட்டது யாரு?"ன்னு அவரு கேட்டாரு. யாரோன்னு சொல்லியிருக்கலாமில்ல? தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமில்ல? திரும்பி, கூட்டத்துல என்னைத் தேடி, கையைக் காட்டி, "எங்க அப்பா"ன்னா.

மானம் கப்பலேறிப் போச்சு தம்பி. முப்பத்தோரு வருஷம் படிச்ச படிப்பு, ஒரு நிமிஷத்துல. டாக்டர், வக்கீல் எல்லாரும் என்னைப் பார்க்கறாங்க. எப்பவும் நான் குனிஞ்சிருப்பேன், அவங்க நிமிர்ந்து நிப்பாங்க, அப்பகூட எனக்கு ஒரு கம்பீரம் இருந்துச்சு. இன்னிக்கு நான் நிமிர்ந்துதான் நின்னேன், பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

சம்பந்தி கத்தல. என்கிட்ட வந்து, காதோட, "உங்க பொண்ணை இப்பவே கூட்டிட்டுப் போயிருங்க. இனி எங்க கேட்டுல அவ கால் படக்கூடாது"ன்னாரு. மாப்பிள்ளை பக்கத்துலயே நின்னாரு, தரையைப் பார்த்துக்கிட்டு. இவ அழுதாளா? இல்ல. "என் சர்டிபிகேட் வேணும் மாமா"ன்னா. அரை மணி நேரத்துல டிரைவர் ஒரு பையில எல்லாத்தையும் போட்டுக் கொண்டுவந்து குடுத்துட்டுப் போயிட்டான். அவ மடியில வெச்சிருக்காளே, அந்தப் பைதான். காலேஜ் பாத்ரூம்ல போய்ப் புடவையை மாத்திட்டு, புடவையை மடிச்சு அந்த முன்சீட்டுலயே வெச்சுட்டு வந்தா.

பஸ் ஸ்டாண்டுல கேட்டேன். கோபத்துல கேக்கல, நியாயமாத்தான் கேட்டேன். ஏம்மா, ஒருநாள் முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் ஏதாவது சாக்கு சொல்லி இந்த வருஷம் கையெழுத்துப் போடாம ஒதுங்கியிருப்பேனே, என் பேராவது மிஞ்சியிருக்குமேன்னு. அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? "உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க மாமாகிட்டச் சொல்லியிருப்பீங்கப்பா."

சொல்லியிருப்பேன்தான். சம்பந்திகிட்ட ஒரு விஷயத்தை மறைக்கலாமா? அவரு அந்தப் பல்லை ராத்திரியே இறுக்கிட்டிருப்பாரு. விஷயம் சுமுகமா முடிஞ்சிருக்கும், இவளும் அந்த வீட்டுலயே இருந்திருப்பா. அதை நான் சொன்னேன் அவகிட்ட. அப்பத்தான், என் பக்கத்துல உக்கார வேணாம்னா.

வெள்ளக்கோவில் தாண்டியாச்சா? உங்களையும் தூங்க விடாம பேசிட்டு வரேன். நான் ஒரு யோசனை பண்ணி வெச்சிருக்கேன். வீட்டுக்குப் போனதும் கண்காட்சிக் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதணும். நேத்து சாயங்காலம் வெளிச்சம் சரியில்ல, எனக்குக் கண்ல புரை இருக்கு, அதனால ஸ்க்ரூ தெரியலன்னு. நாளைக்குள்ள எழுதிட்டா அடுத்த வருஷமாவது கூப்பிடுவாங்க. நீங்க என்ன நினைக்கறீங்க?

கரூர் வந்துடுச்சு. பத்து நிமிஷம் நிப்பான். எந்திரிக்கறா பாருங்க. பாத்ரூம் போறாளா இருக்கும். பையைத் தூக்கிக்கிட்டுத்தான் போவா, சர்டிபிகேட் இருக்கில்ல. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாளா? எனக்கு முன்னாடி இந்த ஆளு மறைச்சுட்டாரு. நீங்க ஜன்னல்ல பாருங்க, எந்தப் பக்கம் போறா?

ஸ்கூட்டரா? யாரு, ஒரு பொண்ணா? நகருங்க, நான் பார்க்கறேன். அட, இவளோட படிச்சவ மாதிரி இருக்கு. கல்யாணத்துக்கு வந்திருந்தா. இங்கதான் ஏதோ ஆஸ்பத்திரியில இருக்கான்னு சொன்னாங்க. பையை வாங்கி முன்னாடி வெச்சுக்கறாளே. ஏங்க கண்டக்டர், அந்தப் பச்சைச் சுடிதார் என் பொண்ணு, நான் திருச்சிக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன். என்னது? அவளே தனியா கரூருக்கு எடுத்தாளா? எப்ப?

கிளம்பல பாருங்க தம்பி. பின்சீட்டுல ஏறாம நிக்கறா. பஸ்ஸைத்தான் பார்க்கறா. இந்த ஜன்னலைத்தான் பார்க்கறா, இல்ல? அவ எதுக்கு நிக்கணும், போறதுன்னா போக வேண்டியதுதானே. நான் இங்க இருக்கேன்னு அவளுக்குத் தெரியும். வேணும்னா வந்து ஏறட்டும்.

இல்ல கண்டக்டர், நான் இறங்கல. யாருக்கும் நிக்க வேணாம். எனக்குத் திருச்சியில வேலை இருக்கு, நீ விசிலைக் குடு.